சண்டை கேட்டுப் பிறந்த பிள்ளைகள்

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கிட்ட, முழங்கால் முட்டினாலும் பரவாயில்லை. இந்தக் கதைக்குள் வேண்டிய மட்டும் கூச்சல் இருக்கிறது, அதனால் நான் மெதுவாகத்தான் சொல்வேன். தள்ளி உட்கார்ந்தவர்களுக்குப் பாதிதான் கேட்கும், பாதி கேட்டவர்கள் நாளைக்கு வேறு கதை சொல்லிக்கொண்டு அலைவார்கள்.

செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிற தேரிக்காட்டை ஒட்டிக் கிருபைத்தேரி என்று ஓர் ஊர். ஊருக்குத் தலைமாட்டில் வேதக்கோயில், கால்மாட்டில் பஸ் நிற்கிற புளியமரம், இரண்டுக்கும் நடுவில் ஒரே தெரு. அந்தத் தெருவில், இந்த வாசலில் ஒருத்தர் தும்மினால் அந்த வாசலில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் தூரத்தில், எதிரும் புதிருமாக இரண்டு பிரசவ வீடுகள். கிழக்கு வரிசையில் இருந்தது எப்சிபா சிஸ்டருடையது. மிஷன் ஆஸ்பத்திரியில் பேறுகாலம் பார்க்கப் படித்துவிட்டு வந்து, பதினோரு வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் தன் இரண்டு கையால் வாங்கியவள். முப்பத்தைந்து வயது, ஒல்லி, வெள்ளைச் சேலை, சொல்லுக்குச் சொல் எதிர்ச்சொல். மேற்கு வரிசையில் இருந்தது தேவசித்தம் டாக்டருடையது. பட்டணத்தில் படித்து, ஒரு லாரி நிறைய இரும்புக் கட்டிலும் கண்ணாடி அலமாரியும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர். நாற்பதைத் தொடவில்லை, சிஸ்டரைப் போலவே கல்யாணம் ஆகவில்லை, ஒரு பிரசவத்துக்கு மூன்று தடவை கை கழுவுவார்.

அவர் இறங்கிய அன்றே பகையும் கூட இறங்கியது. ஊர் மரியாதைக்கு எப்சிபா ஒரு செம்பு சுக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோய் நீட்டினாள். அவர் மோந்து பார்த்துவிட்டு, "இதைத்தான் பேறுகாலப் பொம்பளைகளுக்கும் குடுக்கிறீங்களாமே சிஸ்டர்? நீங்க நடத்துறது வார்டா, அடுப்பங்கரையா?" என்று கேட்டார்.

எப்சிபா செம்பை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். "அடுப்பங்கரைதான் டாக்டரு. பதினோரு வருஷமா இந்த ஊரு அதுலதான் பசியாறுது. உம்ம கண்ணாடி அலமாரியில என்ன வேகுதுன்னு நாங்களும் பாக்கோம்."

அன்றிலிருந்து, வலியெடுத்தவளை ஏற்றி வருகிற மாட்டுவண்டி தெரு நடுவில் நின்றால் அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மேற்கே இழுப்பார், அவள் நுகத்தடியைப் பிடித்துக் கிழக்கே இழுப்பாள், மாடு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாணி போடும். கோயில் பாடகர் குழுவில் அவர் அடித்தொண்டையில் பாட்டை இழுத்தால் அவள் அதற்கென்றே முன்னால் ஓடுவாள், சபை நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். "கைராசின்னு சொல்லியே ஒரு மனுஷி காலத்தை ஓட்டுது" என்று அவர் சலூனில் சொன்னது சவரம் முடிவதற்குள் அவள் காதுக்குப் போகும். "சாப்பாட்டு நேரம் தப்பிட்டுன்னா டாக்டரு பிள்ளைக்குத் தனி வாசல் வெட்டிருவாரு" என்று அவள் கிணற்றடியில் சொன்னது அவர் மேஜைக்குச் சோறு வரும் முன் வந்து சேரும்.

இப்படி மூன்று வருஷம். அதற்குப் பிறகு ஒரு லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், கருப்பட்டி வியாபாரி மனைவி சாராளுக்கு வலி எடுத்தது. எடுத்த வலி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எப்சிபா ஒரு நாள் பார்த்தாள். பிறகு அவளைக் கயிற்றுக் கட்டிலோடு தெருவைத் தாண்டி மேற்கே தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் பிள்ளையைப் பிடித்து இழுக்கிற ஆயுதத்தை எடுத்தார். எடுத்ததும் பிள்ளை பாறைக்கு அடியில் போகிற மீன் மாதிரி முதுகுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டது, கீழே வைத்ததும் பழையபடி வந்து நின்றது. மூன்று தடவை எடுத்தார், மூன்று தடவையும் அது ஒதுங்கியது. திரும்பக் கிழக்கே தூக்கினார்கள். தெரு நடுவில் டாக்டர் விரட்டிக்கொண்டு வர, எப்சிபா எதிரே வர, கட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் இறங்கியது.

"நேத்தே என்கிட்ட அனுப்பியிருந்தா இந்நேரம் பிள்ளை தொட்டில்ல கிடக்கும்."

"உம்மகிட்ட அனுப்பியிருந்தா தாயி பெட்டியில கிடப்பா."

"நாக்கை அளந்து பேசுங்க சிஸ்டர்."

"கத்தியை அளந்து பிடிக்கத் தெரியல, என் நாக்கை அளக்க வந்துட்டாரு."

அவர் அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார், சாராளின் பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வந்த பிள்ளை அழவில்லை. தலையைத் திருப்பி டாக்டரை ஒரு பார்வை, சிஸ்டரை ஒரு பார்வை பார்த்து, இனிமேல் சண்டை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அழுதது.

அடுத்த பிள்ளையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று ஏறினவர்களுக்கு, பஸ் தேரியைத் தாண்டியதும் வலி நின்றுபோகும். திரும்பிவந்து புளியமரத்தடியில் இறங்கியதும் வலி பிடித்துக்கொள்ளும். ஈஸ்டர் வருவதற்குள் ஊருக்கு விளங்கிவிட்டது: கிருபைத்தேரிப் பிள்ளைகள் இந்த இரண்டு பேர் சண்டை காதில் விழாமல் வெளியே வரமாட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் ஐப்பசியில் பெய்கிறது என்று யார் கேட்டார்கள்? ஐப்பசிக்கு முன்னால் கூரையை மேய்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் கூரை மேய்ந்த விதத்தைச் சொல்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஞானப்பூ தலைவி. பருத்த உடம்பு, அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் அவள் பேசினால் மற்றவர்கள் பேசமாட்டார்கள். அவள் ஒரு நோட்டுப் போட்டாள். எந்த வீட்டில் எப்போது நாள், அன்றைக்கு எந்தச் சண்டை, அதை மூட்டிவிடப் போவது யார் என்று அதில் இருக்கும். "செவ்வாக்கிழமை பாக்கியத்துக்கு நாள். 'உங்க தையலைப் பாத்தா சாக்குத் தச்ச மாதிரி இருக்காம், சிஸ்டர் சொன்னாங்க'ன்னு டாக்டருகிட்டப் போயி சொல்லணும். யாரு போறா?" என்பாள். வரிசையாகக் கை தூக்குவார்கள். தலைப்பிள்ளைக்குச் சாதாரணத் திட்டு போதும். நாலாவது ஐந்தாவது பிள்ளைக்குப் படிப்பையும் குடும்பத்தையும் இழுக்க வேண்டும். இரட்டை என்றால் இரண்டு விஷயம் தயாராக வேண்டும், ஒரே விஷயத்தை வைத்து இரண்டு பிள்ளையை இறக்க முடியாது. குருவானவர் ஏசுவடியான் சமாதானத்தைப் பற்றி வைத்திருந்த பிரசங்கங்களை எல்லாம் கட்டி அலமாரிக்கு மேல் போட்டார். ஜெப வேளையில், "ஆண்டவரே, இந்த இருவரையும் உமக்குச் சித்தமான அளவுக்குப் பிரித்தே வையும்" என்று மனசறிந்து மன்றாடினார், சபை ஆமென் சொன்னது. சபை முழுக்கக் கூடி உண்ணுகிற அசனச் சாப்பாட்டில் அவர்கள் இரண்டு பேரையும் எதிரெதிர் பந்தியில் உட்காரவைத்து நடுவில் நிறைமாதக்காரிகளை உட்காரவைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வரத்தொடங்கினார்கள், கண்டக்டர் புளியமரத்தடியில் "சண்டை ஸ்டாப்பு இறங்கு" என்று சத்தம் கொடுத்தார்.

ஒரே ஒரு தடவை, இருவருக்கும் தொண்டை கட்டிப்போன சமயம், குருவானவர் சண்டையை எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொன்னார். பிள்ளை அசையவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை வந்தது. அன்றிலிருந்து நடிப்பு செல்லாது என்பதும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

இப்போது பாருங்க, ஒருத்தரோடு நித்தம் சண்டை போடவேண்டும் என்றால், மேலோட்டமாக அவரைத் தெரிந்தால் போதாது. எது வலிக்கும் என்று கண்டுபிடிக்க எந்நேரமும் அவரையே நினைக்கவேண்டும். அவள் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பதை அவர் கண்டார், அவர் மீனில் முள் எடுக்கத் தெரியாமல் குழம்பை மட்டும் ஊற்றித் தின்பதை அவள் கண்டாள். ஒரு நாள் ஆறாவது பிள்ளைக்காரி ஒருத்தி நெடுநேரம் கஷ்டப்பட, கைவசம் இருந்த ஏச்செல்லாம் தீர்ந்துபோய், எப்சிபா கடைசியாக ஒன்று சொன்னாள்: "மூணு தடவை கை கழுவுறது சுத்தத்துக்கா டாக்டரு? பட்டணத்துல உம்ம கையில ஒரு பிள்ளை போயிருக்கு. அதைக் கழுவத்தான் இங்க வந்தீரு."

பிள்ளை அம்பு மாதிரி வந்தது. மறுநாள் டாக்டர் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

எப்சிபா தெருவைத் தாண்டிப் பின்வாசல் வழியாகப் போனாள். கைகழுவும் குழாயடியில் அவர் நின்றுகொண்டிருந்தார், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனையாவது தடவை?" என்று கேட்டாள்.

"எண்ணலை."

அவள் குழாயை மூடித் துவாலையைக் கொடுத்தாள். "என் கையில ரெண்டு போயிருக்கு. ரெண்டுக்கும் பேரு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஜெபத்துல சொல்லிருவேன். உங்க பிள்ளைக்குப் பேரு வச்சீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"வைங்க."

இரண்டு பேருமாக அங்கேயே நின்று அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் வைத்தார்கள். என்ன பேர் என்று கேட்காதீங்க, அது அவர்கள் இரண்டு பேருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்தது. பிறகு அவள் கொதிக்கவைக்காமல் கிடந்த அவருடைய ஆயுதங்களை எடுத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டினாள். அது கொதித்து முடிகிறவரை இருவரும் அடுப்படியிலேயே நின்றார்கள்.

அடுத்த மாதம் ஒரு இரட்டைப் பிள்ளைப் பேறு. முதல் பிள்ளை ஒழுங்காக ஒரு ஏச்சில் வந்தது. இரண்டாவதற்காக டாக்டர், "காலமெல்லாம் தெருவுக்குக் குறுக்க நின்னு கத்துறதுக்கு, கல்யாணம் பண்ணிக்கிட்டா ஒரே வீட்டுக்குள்ள இருந்து கத்தலாம், தொண்டையாவது மிஞ்சும்" என்று கத்தினார். எப்சிபா பதிலுக்கு ஏசவேண்டியவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பால் இரண்டாவது பிள்ளை மத்தியானம் வரை உள்ளேயே இருந்தது. இரட்டையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அரைநாள் வித்தியாசம் ஏன் என்று ஞானப்பூ விசாரித்தாள், காரணம் வெளியே வந்தது, அதோடு ஊர் அவர்களுக்கு எதிரியாகிவிட்டது.

இதுவரை அவர்கள் பகைத்தபோது ஊர் அவர்களைக் கொண்டாடியது. அவர்கள் நேசித்ததும் பால்காரி பால் ஊற்றாமல் தாண்டிப்போனாள், வண்ணார் வீட்டிலிருந்து வெளுத்த சேலை வரவில்லை, சலூன்காரர் டாக்டருக்குப் பாதி முகத்தை வழித்துவிட்டுக் கத்தி மழுங்கிவிட்டது என்றார். ஆளுக்கு ஒரு கோள் சொல்லி மூட்டிவிடப் பார்த்தார்கள். இருவரும் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் தாமதித்தன. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள், பிறகு ஒரு நாள். "ஏட்டி, சிஸ்டரு ஏச்சு உறைப்பே இல்லையே, உப்பில்லாத கஞ்சி கணக்கா இருக்கு" என்று நிறைமாதக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் கோயில்களில் கல்யாணம் என்றால் முன்னதாக மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். இன்னார், இன்ன தொழில், இன்னாரை மணக்கப் போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று குருவானவர் சபையைக் கேட்பார். முதல் ஓலைக்குச் சபை கல்லாக உட்கார்ந்திருந்தது. இரண்டாம் ஓலைக்கு ஞானப்பூ எழுந்தாள்.

"ஐயா, இவங்க சேந்தா ஊருல பிள்ளை பிறக்காது. கட்டிக்கிட்டா சண்டை நின்னுரும். இதுக்கு மேல என்ன தடை வேணும்?"

"ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தா தடை, ரத்த உறவா இருந்தா தடை. இது சட்டத்துல இல்லையேம்மா" என்றார் குருவானவர்.

"அப்ப சட்டம் எழுதினவரு பிள்ளை பெத்தவரு இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். பாடகர் குழு அன்று வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் பனையேறுகிற தங்கையா இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவில் வந்து நின்றான். அவன் மனைவி ஜெயசீலிக்கு மூன்று பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. இது நாலாவது, நிறைமாதம், அடுத்த ஞாயிற்றை ஒட்டி நாள். அவன் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "உங்க கல்யாணத்துக்கு நான் பகையில்லை. ஒரே ஒரு சண்டை போட்டுத் தாங்க. அதுக்கப்புறம் எப்படி வேணும்னாலும் சந்தோசமா இருங்க." எப்சிபா அவனிடம், "ஜெயசீலியக் கோயிலுக்குக் கூட்டிட்டு வா. என்ன ஆனாலும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வலி எடுத்தது. இருவரும் முயன்றார்கள். "நீங்க ஒரு முட்டாள்" என்று அவள் சொன்னால் அது கொஞ்சுவது போல இருந்தது. "உனக்குப் புத்தியே இல்ல எப்சி" என்று அவர் சொல்லிவிட்டு அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜெயசீலியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. ஞாயிறு காலையில் அவளை நாற்காலியோடு தூக்கி வந்து பெண்கள் பக்கத்து முன்வரிசையில் இறக்கினார்கள். பிள்ளையின் துடிப்பு மெலிந்துவிட்டது என்று டாக்டருக்கும் தெரியும், எப்சிபாவுக்கும் தெரியும்.

குருவானவர் மூன்றாம் ஓலையை எடுத்தார். "இவ்வூர் மருத்துவர் தேவசித்தம் என்பவருக்கும், மருத்துவ உதவியாளர் எப்சிபா என்பவருக்கும்..."

"தடை இருக்கு ஐயா."

"யாரும்மா?"

"நான்தான்" என்று எப்சிபா எழுந்தாள். "என் தொழில் என்னன்னு போட்டிருக்கு? இன்னொருக்கா வாசிங்க."

"மருத்துவ உதவியாளர்."

மூன்று வாரமும் அப்படித்தான் வாசித்திருக்கிறார், ஊர்ச் சச்சரவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்தது டாக்டர். அவர் ஆண்கள் பக்கத்திலிருந்து, அவள் ஜெயசீலிக்காக ஏதோ ஆரம்பிக்கிறாள் என்று நினைத்து, "நல்லாயிருக்கு எப்சி, இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று கண்ணைச் சிமிட்டினார்.

"கண்ணை நேரா வையும்" என்றாள். 'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டதைச் சபை கவனித்தது. "யாருக்கு யாரு உதவி? நீரு இந்த ஊருக்கு வழி கேட்டு வரும்போது உமக்கு வழி சொன்னவனே என் கையில பிறந்தவன். உம்ம தொழிலை எழுதும்போது நிமிந்து நின்ன பேனா என் தொழிலுக்கு வந்ததும் கூனிப்போச்சோ?"

"படிவத்துல இடம் இல்ல. ரெண்டு வார்த்தை எழுதத்தான்..."

"மருத்துவச்சி ஒரே வார்த்தைதான்."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு வற்றிப்போயிற்று. "முத ஓலையிலேயே கேட்டீங்களா இதை?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு ரெண்டு வாரம் என்கூட உக்காந்து சிரிச்சீங்களா? என்னை ஊரு முன்னால மட்டந்தட்ட இதைப் பொத்தி வச்சிருந்தீங்களா சிஸ்டர்?"

"ஆமா, நெருப்பைப் பொத்துற மாதிரிப் பொத்தி வச்சிருந்தேன். ராப்பகலா வயிறு எரிஞ்சுது. ஜெயசீலிக்கு நாள் எப்பன்னு உமக்கும் தெரியும். அவளுக்குன்னு நீரு என்ன சேத்து வச்சிருந்தீரு? பல்லை வச்சிருந்தீரு, சிரிக்க."

"இந்த மாதிரிப் பொம்பளைய..." என்று டாக்டர் பெஞ்சைத் தாண்டி வந்தார், "தண்ணி வந்துட்டு" என்று ஜெயசீலி முனகினாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் முன் மண்டியிட்டார்கள். பெண்கள் எழுந்து சேலைத்தலைப்புகளை விரித்துச் சுற்றி மறைத்து நின்றார்கள். நாலு கையும் ஒரு பக்கம் வேலை பார்க்க, மறுபக்கம் வாய்ச்சண்டை நின்றபாடில்லை.

"கொடி கழுத்துல சுத்தியிருக்கு, விரலைக் குடுங்க சிஸ்டர்."

"குடுத்தாச்சு. நீரு துணியப் பிடியும். இன்னைக்கு உதவியாளர் நீருதான்."

"உங்க திமிருக்கு..."

"தோளு வந்துட்டு, வாயை மூடாதேயும், பேசும்."

பெண்பிள்ளை. நீலமாக வந்தது, எப்சிபா முதுகைத் தட்ட, டாக்டர் அதன் மூக்கிலிருந்த சளியை உறிஞ்சி எடுக்க, சிவந்தது. அவரை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோயில் மணி அடங்கும்படி அழுதது. தங்கையா ஆண்கள் பக்கத்தில் தலைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஞானப்பூ அந்த இருவரையும் பார்த்தாள். இரத்தக் கையோடு இன்னும் 'மருத்துவச்சி' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "கட்டிக்கிட்டா சண்டை நின்னுரும்னு நானா சொன்னேன்?" என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். "இருபத்தெட்டு வருஷமா ஒருத்தருகூடக் குடும்பம் நடத்துறவ, எனக்கு எப்படி இது மறந்துபோச்சு?" சபையில் முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு எல்லாரும்.

குருவானவர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், தடையை வாபஸ் வாங்குறீங்களா? நான் ஓலையை முடிக்கணும்."

எப்சிபா கையைத் துடைத்துக்கொண்டு பீடத்துப் படி ஏறினாள். குருவானவர் பையிலிருந்து பேனாவை உருவி, ஓலையில் இரண்டு வார்த்தையை அடித்து ஒரு வார்த்தையை எழுதி, அதைத் தேவசித்தத்தின் கையில் கொடுத்தாள். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, சபைக்குக் கேட்கும்படி முழுவதையும் வாசித்தார். வாசித்து முடித்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இன்னும் வேற ஏதாவது பொத்தி வச்சிருக்கியா? இருந்தா இப்பவே சொல்லிரு."

எப்சிபா திரும்பிச் சபையைப் பார்த்தாள். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை நிறைவயிறுகளை விரல்விட்டு எண்ணினாள், ஏழு இருந்தது. "இப்போதைக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பேனாவின் மூடியை இறுக்கித் திருகினாள்.